தரைக்குக் கீழே ஒரு வாட்டம்

பெங்களூரின் தொம்மலூரில் என்னைக் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் பாத்ரூமின் சொந்தக்காரர்கள் இல்லை. அந்த பாத்ரூமுக்குக் கீழே குடியிருக்கிறவர்கள். மேலே குளிக்கிறவருக்கு ஒரு குறையும் தெரியாது. தண்ணீர் போகிறது, டைல்ஸ் பளபளக்கிறது, அவருக்கு அது போதும். கீழ்வீட்டுக் கூரையில்தான் பழுப்பாக ஒரு வட்டம் விழும். பிறகு பெயின்ட் கொப்பளிக்கும், உப்புப் பூக்கும், கான்கிரீட் பொரிந்து கம்பி வெளியே தெரியும். இரும்பைவிட அதன் துருவுக்கு அதிக இடம் வேண்டும். உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பினால் மேலே இருக்கும் கான்கிரீட்டை அதுவே பிளந்து தள்ளிவிடும். விஷயம் அந்தக் கட்டத்துக்கு வந்த பிறகுதான் என் நம்பரைத் தேடுவார்கள்.

நான் திருப்பத்தூர்ப் பக்கத்து ஆள். சித்தப்பா மேஸ்திரி, அவருக்குச் சித்தாளாகத்தான் பெங்களூர் வந்தேன். அப்போது எச்ஏஎல் விமான நிலையத்துக்குப் பயணிகள் விமானம் வந்துகொண்டிருந்தது. சாரத்தில் நின்று கலவை வாங்கும்போது தலைக்கு மேலே உறுமிக்கொண்டு போகும். 2008இல் அது தேவனஹள்ளிக்குப் போய்விட்டது. தொம்மலூர் வேலை மட்டும் குறையவில்லை. ஊர் என்று சொல்லும் பழைய பகுதியில் சின்னச் சின்ன மனைகள், ஒன்றின் தோளில் ஒன்றாக மூன்று நான்கு மாடி வீடுகள். செகண்ட் ஸ்டேஜில் பிடிஏ, அதாவது பெங்களூர் வளர்ச்சி ஆணையத்தின் மனைகள். ஐடி அலுவலகங்களை நம்பி எழுந்த பிஜிக்கள், அதாவது பேயிங் கெஸ்ட் விடுதிகள். பிஜி பாத்ரூம் எங்கள் தொழிலில் தனி ரகம். காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் நாலைந்து பேர் வரிசையாகக் குளிப்பார்கள், ராத்திரி திரும்பி வந்து மறுபடியும் குளிப்பார்கள். அந்தத் தரை காய்ந்து நான் பார்த்ததில்லை.

சித்தப்பா முதலில் சொல்லிக்கொடுத்தது கரணை பிடிப்பதை அல்ல. "டைல்ஸ் தண்ணியத் தடுக்கும்னு நெனைக்காதடா தம்பி. அது சட்டை. மழையில சட்டை நனையாமலா இருக்கும்? உள்ள இருக்கிற உடம்பு நனையாம பாக்கணும்" என்பார். வாடிக்கையாளர்களுக்கு இதைப் புரியவைப்பதுதான் இன்றைக்கும் கஷ்டம். பட்ஜெட்டில் முக்கால்வாசியை டைல்ஸுக்கும் ஷவருக்கும் ஒதுக்கியிருப்பார்கள். சித்தையா ரோட்டில் கடை கடையாக ஏறி, குஜராத்தின் மோர்பியிலிருந்து வந்த டைல்ஸைத் தட்டித் தட்டிப் பார்த்து வாங்குவார்கள். விட்ரிஃபைடு டைல் தண்ணீர் குடிக்காது, வாஸ்தவம். அதன் உறிஞ்சல் அரை சதவீதத்துக்கும் கீழே. ஆனால் இரண்டு டைலுக்கு நடுவே இருக்கிற சிமென்ட் கோடு குடிக்கும். ஒவ்வொரு குளியலுக்கும் கொஞ்சமாகக் குடித்துக் கீழே அனுப்பும்.

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்க, தரையை உடைத்தால்தான் உண்டு. அடுக்குமாடிகளில் பாத்ரூம் ஸ்லாபை மற்ற அறைகளைவிட ஓர் அடி இறக்கிப் போடுவார்கள். சன்கன் என்போம். கழிவுக் குழாய்கள் கீழ்வீட்டுக் கூரையில் தொங்காமல் அந்தப் பள்ளத்துக்குள்ளேயே ஓடட்டும் என்று செய்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நான்கு பக்கமும் கரை, அடியில் கான்கிரீட், வெளியேற வழி கிடையாது. பெயர்தான் பாத்ரூம், கட்டியது தொட்டி. அதற்குள் செங்கல் துண்டும் கட்டட இடிபாடும் கொட்டி மேலே கலவை போட்டு மூடிவிடுகிறார்கள். உடைத்துப் பார்க்கும்போது சிமென்ட் சாக்கு, மரத்துண்டு, பீடிக்கட்டு, ஒற்றைச் செருப்பு என்று என்னென்னவோ வந்திருக்கிறது. எல்லாம் ஊறிப்போய், கறுத்து, நாற்றமடித்துக் கிடக்கும். ஐந்துக்கு எட்டு அடி பாத்ரூம் என்றால் அந்தப் பள்ளம் 40 கன அடி. செங்கல் ஜல்லியும் கலவையுமாக நிரப்பினால் எடை சுமார் 2 டன். கீழ்வீட்டுக்காரர் தலைக்கு மேலே ஈரமான 2 டன் குப்பை உட்கார்ந்திருக்கிறது.

இதில் பெங்களூருக்கே உரிய ஒரு சங்கிலி இருக்கிறது. போர்வெல் தண்ணீர் உப்புத் தண்ணீர். டைல்ஸில் வெள்ளை படியும். வெள்ளையைப் போக்க வேலைக்கார அம்மா வாரம் ஒருமுறை ஆசிட் ஊற்றுவார். ஆசிட் டைலை ஒன்றும் செய்யாது, நடுவில் இருக்கிற சிமென்ட் கோட்டைத் தின்றுவிடும். கோடு பள்ளமானால் தண்ணீர் இன்னும் சுலபமாக இறங்கும். மேலே தரை சுத்தமாகச் சுத்தமாகக் கீழே கூரை கெட்டுக்கொண்டே போகும். ஆசிட் பாட்டிலை ஒழிக்காமல் என்னைக் கூப்பிட்டுப் பிரயோசனமில்லை என்று நேராகவே சொல்லிவிடுவேன். சில அம்மாக்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

உடைப்பதற்கு முன் கசிவின் ஜாதகம் பார்க்க வேண்டும். இருபத்துநாலு மணி நேரமும் ஒரே சீராகச் சொட்டினால் அது தரையின் குற்றமல்ல. அழுத்தத்தில் ஓடுகிற குழாயில் எங்கோ இணைப்பு விட்டிருக்கிறது. வால்வை மூடினால் கொஞ்ச நேரத்தில் குறையும். காலையில் குளித்த பிறகு மட்டும் சொட்டி மத்தியானம் நின்றுபோனால் கழிவுக் குழாயையோ தரைத் தண்ணீர் இறங்குகிற ட்ராப்பின் கழுத்தையோ சந்தேகப்படலாம். மேல்வீட்டார் ஊருக்குப் போய் இரண்டு மூன்று நாள் ஆன பிறகும் மெதுவாகச் சொட்டிக்கொண்டே இருந்தால், சன்கன் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். தீபாவளி விடுமுறை எனக்குப் பிடித்த காலம். பாதி தொம்மலூர் ஊருக்குப் போயிருக்கும். எது குழாய்க் கசிவு, எது தொட்டிக் கசிவு என்று கூரையே காட்டிக்கொடுக்கும். அப்படியும் சந்தேகம் என்றால் ட்ராப்பைத் துணி உருண்டையால் அடைத்து, ஷவர் பகுதியில் மட்டும் சாயத் தண்ணீர் நிறுத்துவேன். கீழே சாயம் தெரிந்த பிறகு மேல்வீட்டார் வாதாட மாட்டார்கள். அதுவரைக்கும் "எங்க பாத்ரூம் ட்ரையா இருக்கு சார், நீங்களே பாருங்க" என்பதுதான் பேச்சு.

வேலைக்கு வருகிறேன்.

முழுக்க உடைத்து ஸ்லாப் வரைக்கும் போக வேண்டும். பாதி உடைத்துப் பாதி வைக்கிற வேலைக்கு நான் போவதில்லை. ஸ்லாபைக் கழுவிய பிறகு முதலில் பார்ப்பது குழாய் நுழைகிற ஓட்டைகளை. பிவிசி வழவழப்பானது, சிமென்ட் அதைப் பிடிக்காது. சுற்றிலும் மயிரிழை இடைவெளி எப்போதும் இருக்கும், கசிவில் பாதி அங்கேதான் ஆரம்பிக்கிறது. சித்தப்பா அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். குழாயின் கழுத்தை உப்புக் காகிதத்தால் தேய்த்து, சால்வென்ட் தடவி, அது காய்வதற்குள் கைப்பிடி மணலை வீசி ஒட்டவைப்பார். மணல் ஒட்டிய குழாயைக் கலவை விடாமல் பிடிக்கும். இப்போது சுருங்காத கிரவுட் பாக்கெட்டில் வருகிறது, அதைத்தான் அடைக்கிறேன். மணல் வீசுவதை மட்டும் விடவில்லை.

அடுத்து வாட்டம், அதாவது தரையின் சரிவு. எங்கள் கணக்கில் ஓர் இஞ்சுக்கு எட்டு நூல். ஷவர் விழுகிற இடத்தில் அடிக்கு இரண்டு நூல், காய்ந்த பக்கத்தில் அடிக்கு ஒரு நூல். இதை எல்லா டைல்ஸ்காரர்களும் சொல்வார்கள். ஆனால் மேல்தரைக்கு மட்டும் சொல்வார்கள். நான் சண்டை போடுவது கீழ்த்தரைக்காக. டைல்ஸுக்குக் கீழே இறங்கின தண்ணீருக்கும் ஒரு வாட்டம் வேண்டும், அதற்கும் ஒரு வாசல் வேண்டும். சன்கன் ஸ்லாப் மேலேயே முதலில் ஒரு சரிவுக் கலவை. அந்தச் சரிவின் அடிமட்டத்தில் சுவரைத் துளைத்து வெளியே போகும் ஒரு சின்ன பிவிசி குழாய், அதற்கு ஸ்பவுட் என்று பெயர். அதன் வாயைச் சுற்றிக் கழுவின ஜல்லி, கலவை போய் அடைத்துக்கொள்ளாமல் இருக்க. இவ்வளவு செய்த பிறகுதான் பூச்சே.

அமெரிக்காவில் ஷவர் தரை கட்டுகிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள். முன்பு ஈயத் தகடு விரித்தார்கள், பிறகு பிவிசி விரிப்பு. எதை விரித்தாலும் அதற்கு அடியிலேயே சரிவு கொடுத்துவிட வேண்டும், அடிக்குக் கால் இஞ்ச் என்பது அவர்கள் விதி. கால் இஞ்ச் என்றால் நம் இரண்டு நூல்தான். ட்ராப்பின் கழுத்தில் சின்னச் சின்னக் கசிவுத் துளைகள் வைத்து, விரிப்பின் மேல் இறங்கின தண்ணீரை அதே குழாய்க்குள் விடுவார்கள். சுவருக்கு வெளியே பக்கத்து வீடு ஒட்டிக்கொண்டிருக்கிற தொம்மலூர்ச் சந்துகளில் ஸ்பவுட் வைக்க முடியாதபோது நானும் அப்படித்தான் ட்ராப்பின் கழுத்தில் துளையிடுகிறேன்.

இன்னும் பழையதும் உண்டு. மொகஞ்சதாரோவின் பெரிய குளம் ஏறக்குறைய 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம். அதன் செங்கல் முகத்துக்குப் பின்னால், யாருக்கும் தெரியாத இடத்தில், நிலக்கீல் பூசிய ஓர் அடுக்கு இருக்கிறது. அடித்தரை ஒரு மூலையை நோக்கிச் சரிகிறது. அங்கே சாதாரண வீடுகளிலும் குளிக்கிற மேடை உண்டு. நெருக்கமாக இழைத்துப் பதித்த செங்கல், அதிலிருந்து தெருச் சாக்கடைக்குப் போகிற வாய். தடுப்பைக் கண்ணில் படாத அடுக்கில் வைக்க வேண்டும் என்று நாலாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மேஸ்திரிக்குத் தெரிந்திருக்கிறது.

எங்கள் தொம்மலூரிலேயே சொக்கநாத சுவாமி கோயில் இருக்கிறது. பெயரைக் கேட்டுச் சிவன் கோயில் என்று நினைத்துவிட வேண்டாம், பெருமாள் கோயில். பதிமூன்றாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் அதில் உண்டு. கோயில் கட்டினவர்களுக்குத் தினமும் அபிஷேகம் என்கிற பிரச்சினை இருந்தது. நாளெல்லாம் ஈரமாகிற கருவறைத் தரை. கல் கோயில்களில் அதற்கு என்ன செய்தார்கள் என்பதைக் கோமுகையைப் பார்த்தால் புரியும். உள்ளே தரையைச் சரித்து, சுவரைத் துளைத்து, தண்ணீரைச் சுவருக்கு வெளியே தள்ளி நீட்டி விழவைத்தார்கள். சுவரோடு வழியவிடவில்லை. என் ஸ்பவுட் குழாயையும் சுவரோடு நறுக்கிவிடாமல் நாலு இஞ்ச் நீட்டி விடுவதற்கு அதுதான் காரணம். அசிங்கமாக இருக்கிறது என்று நறுக்கச் சொல்வார்கள். நறுக்கினால் சுவர் ஊறும்.

ஸ்பவுட் சொட்டுகிறது என்று சிலர் பதறிப்போய் போன் செய்வார்கள். அது சொட்டுவதுதான் அதன் வேலை, சார். மேலே டைல்ஸ் கோடு எங்கோ விட்டிருக்கிறது என்று உங்களுக்குச் சொல்கிறது. கீழ்வீட்டுக் கூரை சொல்வதைவிட அது சொல்வது நல்லதில்லையா?

பூச்சைப் பற்றிக் கேட்பவர்கள் எல்லோரும் எந்தக் கம்பெனி என்றுதான் கேட்கிறார்கள். கலவையில் ஒரு பாட்டில் ஊற்றிக் கலக்கிவிட்டு வாட்டர்ப்ரூஃபிங் முடிந்தது என்று சொல்கிற ஆட்களும் இருக்கிறார்கள். அதற்குப் பெயர் பூச்சு இல்லை. பாலிமர் கலந்த சிமென்ட் பூச்சு எந்தக் கம்பெனியாக இருந்தாலும் இரண்டு கை வேண்டும், முதல் கைக்குக் குறுக்கே இரண்டாவது கை. தரை சொட்டச் சொட்ட நனைந்திருக்கக் கூடாது, எலும்பாகக் காய்ந்திருக்கவும் கூடாது. டப்பாவில் எந்தப் பெயர் இருந்தாலும் கிழிவது மூலையில்தான். சுவரும் தரையும் சேர்கிற இடத்தில் நேர்கோணம் இருந்தால் பூச்சு அங்கே மெலிந்து வெடிக்கும். அதனால் முதலில் கலவையால் மூலையைச் சாய்த்து உருட்டி, அதன் மேல் வலைத்துணி பதித்து, அப்புறம்தான் பூச வேண்டும். சுவரில் எவ்வளவு உயரம்? பக்கெட்டும் சொம்பும் இருந்த காலத்தில் ஓரடி ஏற்றினால் போதும். இப்போது ஷவர் ஏழடியிலிருந்து அடிக்கிறது, சுவர் முழுக்க வாங்குகிறது. ஷவர் சுவருக்குத் தலைக்கு மேல் வரைக்கும் பூசுகிறேன், மற்றச் சுவர்களுக்கு ஓரடி.

பூச்சு இறுகின பிறகு தண்ணீர் கட்டி நிறுத்திப் பார்க்க வேண்டும், 48 மணி நேரம். எல்லோரும் தப்பிக்கப் பார்ப்பது இதில்தான். 2024 மார்ச்சில் போர்வெல்கள் காய்ந்து டேங்கருக்கு ஊரே காத்திருந்தபோது, "இந்த நேரத்துல தண்ணிய நிறுத்தி வைக்கிறீங்களா? மனசாட்சி இருக்கா அண்ணா?" என்று ஒரு வீட்டு அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. காவிரித் தண்ணீர் தொரேகாடனஹள்ளியிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் வந்து, 500 மீட்டர் மேலே ஏறி இந்த ஊரை அடைகிறது. ஐந்துக்கு எட்டில் இரண்டு இஞ்ச் நிறுத்த 200 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வேண்டும். ஆர்ஓ மெஷின் கழிக்கிற தண்ணீரை அந்த மாடியில் இருந்த எல்லா வீட்டிலும் கேன் கேனாகப் பிடித்து வைத்து ஊற்றினோம். சோதனை முடிந்ததும் அதே தண்ணீரால் அந்த அம்மா வாசல் கழுவினார். தண்ணீர் இல்லாத காலம்தான் கசிவைக் கண்டுபிடிக்க வேண்டிய காலம் என்று அவரிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொண்டாரா என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

அதன் பிறகு நிரப்புவது. குப்பை வேண்டாம். கழுவி ஊறவைத்த சுத்தமான செங்கல் ஜல்லி, அல்லது எடை குறைய வேண்டும் என்றால் நுரைக் கான்கிரீட். அதன் மேல் மறுபடியும் வாட்டம், மறுபடியும் பூச்சு. "ரெண்டு தடவையா?" என்பார்கள். ஆமாம். மேல்பூச்சு முதல் காவல், கீழ்ப்பூச்சும் ஸ்பவுட்டும் அது தோற்றால் பிடிப்பதற்கு.

டைல்ஸ் பதிக்கிறவர்கள் இப்போது ராஜஸ்தான், ஒடிசா பக்கத்துப் பையன்கள். கை சுத்தம், வேகம். ஆனால் நாலு மூலைக்கு நாலு உருண்டை, நடுவில் ஒன்று என்று பசையை வைத்து டைலை அமுக்குகிற பழக்கம் சிலருக்கு உண்டு. சுவரில் தப்பித்துவிடலாம். ஷவர் தரையில் அந்த உருண்டைகளுக்கு இடையே தண்ணீர் தேங்கி நிற்கும், பிறகு தட்டினால் டொங்கென்று சத்தம் வரும், நாற்றமும் வரும். பல் கரணையால் முழுக்க இழுத்துப் பதிக்க வேண்டும். பையன்களோடு என் இந்தி "பூரா பர்னா, பூரா" என்பதைத் தாண்டிப் போனதில்லை. அது போதுமாக இருக்கிறது.

ஆர்க்கிடெக்ட்டுகளோடுதான் பாஷை இருந்தும் பேச முடியவில்லை. நாலுக்கு இரண்டு அடி டைலை ஷவர் தரையிலும் கேட்பார்கள். நடுவில் ட்ராப் இருந்தால் தரை நான்கு பக்கத்திலிருந்தும் அதை நோக்கிச் சரிய வேண்டும். பெரிய டைல் வளையாது, மூலைவிட்டமாக அறுத்துத்தான் பதிக்க வேண்டும். அறுப்பது பிடிக்காது என்றால் வாட்டம் போய்விடும், மூலையில் தண்ணீர் நிற்கும். சுவரோரம் நீளச் சாக்கடை வைத்தால் ஒரே பக்கம் சரித்துவிடலாம், பெரிய டைலும் போடலாம். இல்லையா, சின்னச் சின்னச் சதுரங்கள் போடுங்கள். கோடு அதிகம், கால் பிடிமானமும் அதிகம். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் பளபளப்பு வேண்டவே வேண்டாம். இடைவெளி இல்லாமல் ஒட்டிப் போடச் சொல்வதும் ஒரு மோகம். இரண்டு மூன்று மில்லிமீட்டர் கோடு விட்டு, எபாக்ஸி கிரவுட் நிரப்பினால் ஆசிட்டுக்கும் அது அசையாது. விலை அதிகம்தான், ஷவர் பகுதிக்கு மட்டுமாவது வாங்கலாம்.

ட்ராப்பைப் பற்றி ஒரு வரி: உள்ளே 50 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அந்தத் தண்ணீர்தான் சாக்கடை வாடைக்கும் கரப்பானுக்கும் கதவு. விருந்தாளி பாத்ரூமில் வெயில் காலத்தில் அது வற்றிப்போய் வீடு நாறும். ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் தீர்கிற விஷயத்துக்கு என்னை வரவழைத்து விசிட்டிங் சார்ஜ் கொடுத்தவர்கள் உண்டு.

ஷவர் பகுதிக்கும் காய்ந்த பகுதிக்கும் நடுவே ஒரு கிரானைட் பட்டி வைப்போம். பூச்சு அந்தப் பட்டிக்கு அடியிலும் தொடர்ந்து ஓட வேண்டும். பட்டியில் வந்து நின்றுவிட்டால் தண்ணீர் அதற்கு அடியில் புகுந்து படுக்கையறைக் கதவு நிலையை ஊறவைத்துவிடும். நிலையின் அடிக்கால் கறுத்துப் பூஞ்சை பிடித்திருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

எல்லாம் முடிந்து, என் பணமும் வந்த பிறகு, கண்ணாடித் தடுப்பு போடுகிறவர் வருவார். அவர் கையில் டிரில் மெஷின் இருக்கும். பட்டியில் நாலு ஓட்டை போட்டு, பிளக் அடித்து, ஸ்குரூ முடுக்கி அரை மணி நேரத்தில் போய்விடுவார். அந்த நாலு ஓட்டையும் பட்டிக்கு அடியில் ஓடுகிற பூச்சைக் குத்திவிட்டுத்தான் நிற்கும். அதனால் கண்ணாடி வருகிற தேதியை வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, அன்றைக்குச் சம்பளமில்லாமல் போய் நிற்கிறேன். தரையில் டிரில் கூடாது. யு சேனலை சிலிக்கானில் உட்காரவைத்து, பிடிமானத்தைச் சுவரில் உயரமாக, பூச்சுக்கு மேலே கொடுக்கச் சொல்கிறேன். சிலிக்கான் காய ஒரு நாள் ஆகும், அதுவரை ஷவர் போடக் கூடாது. கண்ணாடிக்காரர் முகம் சுளிப்பார், அவருக்கு அடுத்த வேலை மாரத்தஹள்ளியில் இருக்கும்.